கூகுள் மாறிக்கொண்டே இருக்கையில் எதை நம்பி எழுதுவது?

2011 ஜனவரி 26 அன்று டிமாண்ட் மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கின் வெளியீட்டு விலை 17 டாலர். முதல் நாளே விலை ஏறி, நிறுவனத்தின் மொத்த மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டிவிட்டது. 1851 முதல் செய்தி சேகரித்துவரும் நாளிதழைவிட, 2006ல் தொடங்கிய ஓர் இணைய நிறுவனம் பெரிது என்று சந்தை சொன்னது.

அந்த நிறுவனம் செய்த வேலை இதுதான். மக்கள் கூகுளில் எதையெல்லாம் தேடுகிறார்கள், அந்தத் தேடலுக்கு விளம்பரதாரர் என்ன விலை தருவார் என்று ஒரு மென்பொருள் கணக்குப் போடும். லாபம் வரும் என்று தெரிந்தால் அந்தத் தலைப்பு பட்டியலில் ஏறும். வீட்டிலிருந்து எழுதும் யாராவது ஒருவர் அதை எடுத்து, சுமார் 15 டாலர் கூலிக்கு எழுதிக் கொடுப்பார். அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இப்படி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. பெரும்பகுதி, எதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் இஹவ் என்ற தளத்தில் ஏறியது. எதைத் தேடினாலும் முதல் பக்கத்தில் இஹவ் வந்து நின்ற காலம் அது.

ஒரு மாதம்கூட முடியவில்லை. பிப்ரவரி 24 அன்று, தரம் குறைந்த பக்கங்களைக் கீழே தள்ளும், பின்னால் பாண்டா என்று பெயர் பெற்ற மாற்றத்தை கூகுள் அமெரிக்காவில் கொண்டுவந்தது. அங்கே சுமார் 12 சதவீதத் தேடல்களின் முடிவுகள் மாறின. முதல் சுற்றில் இஹவ் பெரிதாக அடிபடவில்லை. ஏப்ரலில் வந்த அடுத்த சுற்றில் சிக்கியது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் பழைய உயரத்தைப் பார்க்கவே இல்லை. 2016ல் லீஃப் குரூப் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2021ல் சுமார் 32 கோடி டாலருக்குக் கைமாறியது.

தேடல் முடிவுகளில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலையான தேடுபொறி உகப்பாக்கம், அதாவது எல்லோரும் சொல்லும் எஸ்இஓ, நீண்ட காலத்துக்கு எப்படி நிற்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். டிமாண்ட் மீடியா சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் செய்யவில்லை. படிப்பவருக்கு உண்மையிலேயே உதவும் பக்கம் எது என்று அளக்க கூகுள் விரும்புகிறது. ஆனால் எந்த ஒரு தேதியிலும், சொற்கள், இணைப்புகள், கிளிக்குகள் போன்ற தடயங்களை மட்டுமே அதனால் அளக்க முடியும். விரும்புவதற்கும் முடிவதற்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். டிமாண்ட் மீடியா தன் கட்டடம் முழுவதையும் அந்த இடைவெளிக்குள் கட்டியது. கூகுளில் ஆயிரக்கணக்கான பொறியாளர்களுக்கு அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் தினசரி வேலை.

இந்த நோக்கில் பார்த்தால், கடந்த முப்பது ஆண்டுகளின் குழப்பம் ஓரளவு தெளிவாகும். 1995ல் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற பழைய தேடுபொறிகள் பக்கத்தில் உள்ள சொற்களையே பெரிதும் நம்பின. பக்கத்தின் சொந்தக்காரர் தானே எழுதிவைக்கும் கீவேர்டு பட்டியலுக்கும் அன்று மதிப்பு இருந்தது. உடனே வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் நூறு முறை அதே சொல்லை ஒளித்துவைக்கும் பழக்கம் வந்தது. 1998ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு ஒரு தடயத்தைப் பிடித்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் எப்படியோ, வலைப்பக்கங்களுக்கு இணைப்புகள் அப்படி. பிறர் காட்டும் பக்கம் மதிப்புள்ளதாக இருக்கும், மதிப்புள்ள பக்கம் காட்டும் பக்கம் இன்னும் மதிப்புள்ளதாக இருக்கும். பேஜ்ரேங்க் என்ற அந்த யோசனையில்தான் கூகுள் பிறந்தது.

இணைப்புக்கு மதிப்பு வந்ததும் இணைப்புக்குச் சந்தை வந்தது. அந்தச் சந்தை எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை, பாண்டா வந்த அதே பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. ஜேசி பென்னி என்ற பெரிய அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம், ஆடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் பண்டிகைக் காலம் முழுக்க முதலிடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களில் அதற்கு இணைப்புகள் போடப்பட்டிருந்தன. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிய நிறுவனம், தன் எஸ்இஓ ஒப்பந்தக்காரரை நீக்கியது. கூகுள் ஊழியர்களே பார்த்துக் கையால் தண்டனை கொடுத்ததும், ஒரு பயணப்பெட்டி தேடலில் இரண்டே மணி நேரத்தில் முதலிடத்திலிருந்து 71ஆம் இடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெங்குயின் என்ற மாற்றம், கைத் தண்டனை தேவைப்படாமல், இந்த வேலையைத் தானாகவே செய்யத் தொடங்கியது. எத்தனையோ சிறு வணிகர்கள், முன்பு பணம் கொடுத்து வாங்கிய இணைப்புகளை நீக்கச் சொல்லி, அதே தளங்களுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதினார்கள். யாரையோ நம்பிப் பணம் கொடுத்து, என்ன நடந்தது என்றே தெரியாமல் வியாபாரம் இழந்தவர்கள் அதில் அதிகம். இன்றும் "மாதம் ஐந்நூறு பேக்லிங்க்", அதாவது பிற தளங்களிலிருந்து ஐந்நூறு இணைப்பு, என்று விலை சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

தொழில்நுட்ப மாற்றங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2014ல் எச்டிடிபிஎஸ் பாதுகாப்புக்குச் சிறிய மதிப்பு, 2015 ஏப்ரல் 21 முதல் கைபேசியில் படிக்க வசதியான பக்கங்களுக்கு முன்னுரிமை, அப்புறம் பக்கம் திறக்கும் வேகம். முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. இவையெல்லாம் வீடு பெருக்குவது மாதிரி. செய்யாவிட்டால் கெட்ட பெயர். செய்துவிட்டதற்காக யாரும் விருந்துக்கு வரமாட்டார்கள்.

ஆனால் ஏஎம்பி விஷயத்தைத் தாண்டிப்போக மனம் வரவில்லை. கைபேசியில் பக்கம் வேகமாகத் திறப்பதற்காக 2015 அக்டோபரில் கூகுள் அறிவித்த இந்த வடிவத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் கைபேசிக்கென்று இன்னொரு பிரதி தயாரிக்க வேண்டும். தேடலின் உச்சியில் கைபேசியில் தெரியும் செய்தி வரிசையில் இடம் வேண்டுமென்றால் ஏஎம்பி வேண்டும் என்ற நிலை இருந்ததால், உலகெங்கும் செய்தி நிறுவனங்கள் பணத்தையும் ஆள்பலத்தையும் அதில் போட்டன. 2021ல் அந்த நிபந்தனையை கூகுளே எடுத்துவிட்டது. ஆறு ஆண்டு உழைப்பில் மிஞ்சியது, பிரித்தெடுக்க வேண்டிய பழைய நிரல். தேடுபொறி "படிப்பவருக்கு வேகமாகக் கொடு" என்று கேட்டால் அது நீடிக்கும் கோரிக்கை. "என் வடிவத்தில் கொடு" என்று கேட்டால் அது அந்த ஆண்டின் தேவை. இரண்டுக்கும் ஒரே அளவு பணம் ஒதுக்கக் கூடாது.

இதுவரை சொன்னதை வைத்து, ஒழுங்காக எழுதினால் போதும், கூகுள் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது தவறு. 2022 ஆகஸ்டில் "பயனுள்ள உள்ளடக்கம்" என்ற பெயரில் ஒரு மாற்றம் வந்தது. 2023 செப்டம்பரில் அதன் கடுமையான வடிவம் இறங்கியபோது, தங்கள் கையால் வேலை செய்து எழுதிய பல சிறு தளங்கள் விழுந்தன. காற்றுச் சுத்திகரிப்பான்களை வாங்கி, அறையில் ஓடவிட்டு, அளந்து எழுதும் ஹவுஸ்ஃபிரெஷ் என்ற சிறு தளம் 2024 பிப்ரவரியில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. கருவியை அளந்து பார்த்ததற்கான தடயமே இல்லாத பரிந்துரைப் பட்டியல்கள், பெரிய பத்திரிகைகளின் பெயர்பலத்தில் தங்களுக்கு மேலே நிற்பதை ஒவ்வொன்றாகக் காட்டியது. அடுத்த மாதம், பெரிய தளம் தன் நற்பெயரை வாடகைக்கு விட்டு, பிறர் எழுதியதைத் தன் பெயரில் ஏற்றும் பக்கங்களுக்கு எதிராக கூகுள் ஒரு விதி கொண்டுவந்தது. அந்த விதியால் ஹவுஸ்ஃபிரெஷுக்கு இழந்தது உடனே திரும்பவில்லை.

எனவே நீண்ட காலத் திட்டம் என்பதில் இரண்டு கணக்குகள் இருக்க வேண்டும். ஒன்று, இடைவெளி எந்தப் பக்கம் சுருங்கும் என்று பார்த்து அந்தப் பக்கம் நிற்பது. மற்றது, நேர்மையாக நின்றும் அடிவாங்கும் ஓராண்டு, ஈராண்டைத் தாங்கும் வழி வைத்திருப்பது. முதல் கணக்கைப் பற்றி எஸ்இஓ ஆட்கள் நிறையப் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கூகுள் வழியாகவே வந்தால், தளம் உங்களுடையது, வாசல் வேறொருவருடையது. மின்னஞ்சலில் தொடரும் வாசகர்கள், வாட்ஸ்அப்பில் கட்டுரையை அனுப்பிக்கொள்பவர்கள், உங்கள் தளத்தின் பெயரையே தேடலில் தட்டுபவர்கள் என்று நேராக வருபவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பதுதான் நான் முதலில் பார்க்கும் எண்.

பெயரைச் சொல்லித் தேடுவது தரவரிசைக்கும் உதவுகிறது என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. கூகுளுக்கு எதிரான அமெரிக்க அரசின் ஏகபோக வழக்கில், 2023 அக்டோபரில் கூகுளின் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சியம் அளித்தார். நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு பயனர்களின் கிளிக்குகளை 13 மாத அளவுக்கு நினைவில் வைத்துத் தரவரிசைக்குப் பயன்படுத்துகிறது என்பது அப்போது வெளிவந்தது. எந்த முடிவைத் திறந்தார்கள், திறந்தவர்கள் உடனே திரும்பி வந்தார்களா, அங்கேயே தங்கினார்களா என்பது தடயமாகிறது. இஹவ் கட்டுரையைத் திறந்து, பதில் கிடைக்காமல், பின்பொத்தானை அழுத்தியவரின் எரிச்சலும் இப்போது எண்ணப்படுகிறது என்று அர்த்தம்.

சரி, இப்போதைய பெரிய மாற்றத்துக்கு வருவோம். இதுவரை நடந்தவை எல்லாம் ஒரே ஒப்பந்தத்துக்குள் நடந்த மாற்றங்கள். நீ எழுது, நான் எடுத்துப் பட்டியலிடுகிறேன், படிப்பவரை உன்னிடம் அனுப்புகிறேன் என்பது அந்த எழுதப்படாத ஒப்பந்தம். அதுவே இப்போது தளர்கிறது. ஸ்பார்க்டோரோ என்ற நிறுவனம் 2024ல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் நடக்கும் 1000 கூகுள் தேடல்களில் கூகுளுக்குச் சொந்தமில்லாத வெளித்தளங்களுக்குப் போகும் கிளிக்குகள் 360 மட்டுமே. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஏஐ ஓவர்வியூ வந்தது. தேடல் பக்கத்தின் உச்சியிலேயே பதிலைத் தொகுத்துச் சொல்லிவிடும் பெட்டி. பியூ ஆய்வு மையம் 900 அமெரிக்கர்கள் 2025 மார்ச்சில் இணையத்தைப் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தது. ஏஐ தொகுப்பு தெரிந்த தேடல்களில், வழக்கமான முடிவு ஒன்றைத் திறந்தது 8 சதவீதம். தொகுப்பு இல்லாத தேடல்களில் 15 சதவீதம். தொகுப்புக்குள் இருக்கும் இணைப்பைத் தொட்டது வெறும் 1 சதவீதம்.

வேண்டாம் என்று விலகிக்கொள்ள முடியுமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேடுபொறிகள் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால், கூகுளின் ஜெமினி என்ற ஏஐ மாதிரியின் பயிற்சிக்கு உங்கள் எழுத்து போகாது. ஏஐ ஓவர்வியூ மட்டும் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அது தேடலின் ஒரு பகுதி. தேடலையே தடுத்தால் பட்டியலிலிருந்தும் காணாமல் போவீர்கள். பக்கத்திலிருந்து எதையும் எடுத்துக் காட்டாதே என்று சொல்லும் நோஸ்னிப்பெட் குறி போட்டால், முடிவுகளில் உங்கள் தலைப்பின் கீழே வரும் இரண்டு வரி விளக்கமும் போய்விடும். சிறு தளத்துக்கு இவை மூன்றுமே நல்ல வழியாக எனக்குத் தெரியவில்லை. இது நியாயமான பேரமே இல்லை. பெரிய பதிப்பாளர்கள் நீதிமன்றத்துக்குப் போயிருப்பதிலும் ஆச்சரியமில்லை.

அதனால் இனி என்ன எழுதுவது என்ற கேள்விதான் திட்டத்தின் நடுப்புள்ளி. உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து ஓராண்டுக்கு முந்தைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவுகளில் தெரிந்த தடவைகள் அப்படியே இருந்து, கிளிக்குகள் மட்டும் சரிந்த பக்கங்கள் தனியாகத் தெரியும். பெரும்பாலும் அவை ஒரே வகையாக இருக்கும்: ஒரு சொல்லுக்குப் பொருள், ஓர் அளவை இன்னோர் அளவாக மாற்றுவது, பத்துத் தளங்களில் ஏற்கெனவே இருப்பதைப் பதினோராவதாகச் சொன்னது. அந்த வகை திரும்பி வராது, அதற்காக உழைப்பதை நிறுத்தலாம். சரியாமல் நிற்பவை வேறு மாதிரி இருக்கும். எழுதியவர் நேரில் போய்ப் பார்த்தது, தானே அளந்தது, படம் எடுத்தது, விலை கேட்டது, தோற்றுப்போய்த் திரும்பச் செய்தது. ஏஐ தொகுப்பு இவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். ஆனால் காசு போட்டு வாங்கப் போகிறவர், உடம்பைப் பற்றிக் கேட்பவர், பிள்ளையின் படிப்பைப் பற்றி முடிவெடுப்பவர் சுருக்கத்தோடு நிற்கமாட்டார். சொன்னது யார் என்று பார்க்க வருவார். 2022 டிசம்பரில் கூகுள், தேடல் முடிவுகளைப் பார்த்து மதிப்பெண் போடும் தன் தர மதிப்பீட்டாளர்களுக்கான கையேட்டில் நிபுணத்துவம், மதிப்பு, நம்பகம் என்ற பழைய மூன்றோடு "அனுபவம்" என்ற நான்காவதைச் சேர்த்தது, சாட்ஜிபிடி வெளிவந்த அடுத்த மாதம்.

பழைய பக்கங்களை என்ன செய்வது என்பதிலும் நிறையத் தவறு நடக்கிறது. 2023ல் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம், கூகுளுக்குப் புதுமையாகத் தெரிய வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கிய செய்தி வந்தது. பழையது என்பதற்காக மட்டும் நீக்க வேண்டாம், அப்படி ஒரு விதி எங்களிடம் இல்லை என்று கூகுள் தரப்பே பதில் சொல்லியது. பியூ மையத்தின் இன்னோர் ஆய்வில், 2013ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயிருந்தன. ஒரு பக்கத்தின் முகவரியைப் பத்தாண்டு மாற்றாமல் வைத்திருப்பதே இன்று அரிதான காரியம். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிட மறந்து, ஒரே வாரத்தில் பாதி வருகையை இழந்த தளங்களை நானே பார்த்திருக்கிறேன். எந்த அல்காரிதமும் அதைச் செய்யவில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. திரையில் தமிழ் தெரியும். அடியில் இருப்பதோ ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடு. தேடுபொறிக்கு அது பொருளற்ற எழுத்துக்குவியல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றியவை மட்டும்தான் தேடலுக்குள் வந்தன. தமிழ் இலக்கியத்தை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அது முதலில், தமிழுக்கென்றே உருவான டிஸ்கி குறியீட்டில்தான் நூல்களை ஏற்றியது, பிறகு யூனிகோடிலும் தந்தது. ஒரு சங்கப்பாடல் வரியைத் தேடினால் இன்றும் அந்தப் பக்கங்கள் வருகின்றன. எழுத்துருவை மாற்றாமல் விட்ட தளங்களில் இருந்த எத்தனையோ கதைகளும் கட்டுரைகளும் யார் தேடினாலும் கிடைக்காமல் போயின. தன் வடிவத்தைவிடப் பொது வடிவத்தை நம்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டாம்.

தமிழுக்கே உரிய சில நடைமுறைகளும் உண்டு. மருத்துவக் கட்டுரையில் "நீரிழிவு" என்று எழுதுகிறோம். தேடுபவர் "சர்க்கரை நோய்" என்றோ "சுகர்" என்றோ தட்டுகிறார், அதையும் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில். தலைப்பில் மக்கள் சொல்லும் சொல்லும், உள்ளே துறைச்சொல்லும் இருந்தால் இரண்டு பேரும் வந்துசேர்வார்கள். கோயிலா கோவிலா என்ற வேறுபாட்டை இப்போதைய தேடல் பெருமளவு சமாளிக்கிறது, அதற்காக இரண்டு எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றித் திணித்து வாக்கியத்தைக் கெடுக்க வேண்டாம். பக்க முகவரியைத் தமிழிலேயே வைத்தால் பகிரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்து பயமுறுத்தும். சுருக்கமான ஆங்கில எழுத்து முகவரி பகிர வசதி.

2024 அக்டோபரில் ஏஐ ஓவர்வியூவைத் தமிழுக்கும் கொண்டுவருவதாக கூகுள் அறிவித்தது. ஆங்கிலத்தில் நடந்ததெல்லாம் தமிழிலும் நடக்கும், ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டோடு. ஆங்கிலத்தில் எந்தக் கேள்விக்கும் அனுபவப்பட்டவர் எழுதிய பக்கம் ஒன்றாவது கிடைக்கும். தமிழில் பட்டா மாறுதல் செய்வது எப்படி என்று தேடிப் பாருங்கள். ஒரே அரசு அறிவிப்பை வரி மாற்றாமல் போட்ட பக்கங்கள் அடுக்கடுக்காக வரும். எந்தத் தாள் இல்லையென்று விண்ணப்பம் திரும்பியது, இரண்டாம் முறை எதைக் கொண்டுபோனார், எத்தனை நாள் ஆனது என்று தாலுகா அலுவலகத்துக்கு நடந்தவர் எழுதிய பக்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒருவர் தேதி போட்டு எழுதி, விதி மாறும்போது அதே முகவரியில் திருத்திவந்தால், இனி வரும் எந்தத் தேடுபொறிக்கும் எந்த ஏஐக்கும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப்போவது கடினம். தமிழில் அந்த இடங்கள் பெரும்பாலும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.